கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டால் இருபது நிமிஷம்.
டேங்கர் பெட்டிகளை எண்ணி முடிப்பதற்குள்
எனக்கு ஒரு முகம் கிடைத்துவிடும்.

கூடையை இறக்கிவைத்த கஸ்தூரிபாய்
"பேப்பர்ல போட்டு நாறடிக்கவா?" என்றாள்.
இல்லை என்றேன்.
"பின்ன இன்னாத்துக்கு?"
அதற்கு இன்றுவரை பதில் இல்லை என்னிடம்.
சங்கரா மீனை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.
"செத்தும் கண்ண மூடல பாரு."

பிறகு அமுல்ராஜ்.
தண்ணி லாரி கிளீனர். புருவத்தில் பழைய தையல்.
கூப்பிடாமலே வந்து
டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டி நின்றான்,
மோவாய் நேராக, கைகள் தொங்க.

ஒரு கிளிக்.

நான் கேமராவை இறக்குமுன்
காலைச் சேர்த்துவைத்து
வலப்பக்கம் திரும்பினான்
காது தெரிய.

யாரும் திரும்பச் சொல்லவில்லை.
பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.
அவனுக்கே அது உறைக்கக் கொஞ்சம் நேரமானது.
"அங்க இப்டித்தாண்ணா எடுப்பாங்க."

இங்கே எப்படி வேண்டுமானாலும் நிற்கலாம் என்றேன்.
அது எப்படி என்று தெரியவில்லை அவனுக்கு.
கையைக் கட்டினான், அவிழ்த்தான்,
சீப்பை எடுத்தான்,
வாராமலே பையில் வைத்தான்.

கேட் தூக்கியதும் ஹாரன்கள்.
லாரியிலிருந்து டிரைவர்
ஒரு கெட்ட வார்த்தையில் அவன் பெயரைச் சுற்றி எறிய
ஓடிக்கொண்டே திரும்பிச் சிரித்தான் பாருங்கள்,

அதில் ஃபோகஸ் இல்லை.
பாதி மூஞ்சி, பாதி ஷேர் ஆட்டோ.

அதைத்தான் பிரிண்ட் போட்டுக்
காக்கிக் கவரில் கொண்டுவந்திருக்கிறேன்.
கேட் போட்டாயிற்று.
நான்கு லாரி நிற்கிறது.
எதிலும் அவன் இல்லை.