இரண்டு வெட்டு

மூன்று நாள் என்று சொல்லித்தான்
மாயவரம் ரயில் ஏறினேன்.
ஆனது பதினாறு.
பதினாறு என்றால் உங்களுக்கே தெரியும்,
நான் விளக்க வேண்டாம்.

அதற்குள் முதுநகர் ஸ்டேஷன் வேலிக்கம்பியோடு
சங்கிலி போட்டுவிட்டுப் போன சைக்கிளை
இரண்டு புயல்சின்னம் நனைத்திருக்கிறது.
சாவி உள்ளே போகிறது.
திரும்பவில்லை.

தேங்காயெண்ணெய் விட்டேன்.
டீக்கடையில் கேட்டு வாங்கிய மண்ணெண்ணெய்,
ட்யூஷன் பையன் ஒருவனின் பென்சில் தூள்,
கருங்கல்லால் நாலு தட்டு.
நாலாவது தட்டில் சாவி வளைந்தது.

"வண்டி உன்னுதாம்மா?"
என்றார் ஐஸ்பெட்டியோடு நின்றவர்.
சாவியைக் காட்டினேன்.
திறக்காத சாவி
எந்தக் கோர்ட்டில் சாட்சி சொல்லும்?
சீட்டுக்கு அடியில் நீல நைலான் கயிறு,
இடது பெடலில் ரப்பர் கிடையாது,
மட்கார்டில் பாதி கிழிந்த மருந்துக்கடை ஸ்டிக்கர்
என்று ஒப்பித்தேன்.
"அதான் பார்த்தாலே தெரியுதே" என்றார்.
நியாயந்தான்.

கிரில் பட்டறை ஜோதிலிங்கம்
அதெல்லாம் கேட்கவில்லை.
நாலிஞ்சு கிரைண்டரைக் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு வந்தவர்
"கரண்ட் எங்க?" என்றார், அவ்வளவுதான்.

ஜூஸ்கடை நஸ்ரின்
மிக்ஸி பிளக்கைப் பிடுங்கித் தந்தாள்.
பாதி அரைபட்ட சப்போட்டாவுக்காக
ஸ்ட்ராவோடு காத்திருந்தான் ஒரு கல்லூரிப் பையன்.
டயர்மேல் ஈரச்சாக்கு.
"கண்ணத் திருப்பிக்கங்க."

திருப்பவில்லை.
நெருப்பு ஒரே திசையில் கொட்டியது,
கோபத்தில் சிலபேர்
நம் முகத்தைப் பார்க்காமல்
சுவரைப் பார்த்தே பேசுவார்களே, அப்படி.
எந்த ரயில் எத்தனை நிமிஷம் தாமதம் என்று
ஒலிபெருக்கி வாயசைத்தது.
பதினாறு நாளில் முதல்முறையாக
யார் சொல்வதும் என் காதில் விழவில்லை.
அழுதிருந்தால் ஒருவருக்கும் கேட்டிருக்காது.
சாக்கிலிருந்து ஆவி எழுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளையம் அறுந்தது.
பூட்டு அசையவில்லை.
"உள்ள துரு கவ்வியிருக்கு.
அந்தப் பக்கமும் அறுக்கணும்."
தேய்ந்த டிஸ்க்கைக் கழற்றிப் புதுசு மாட்டினார்.
இரண்டாவது வெட்டுக்கும் சேர்த்து
ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?
வெட்டுக்கு முப்பது, அறுபது ரூபாய்.
சப்போட்டா விட்ட இடத்திலிருந்து அரைபட்டது.

சூடு ஆறாத பூட்டை
துப்பட்டா நுனியில் பிடித்து,
வளைந்த சாவியை நிமிர்த்தி,
சும்மா உள்ளே விட்டுப் பார்த்தேன்.
திரும்பியது என்று சொன்னால்
கேட்க நன்றாயிருக்கும்.
திரும்பவில்லை.

வேலிக்கம்பியில் டிஸ்க் உரசிய இடம் மட்டும்
புது எவர்சில்வராய்ப் பளிச்சென்றது.
இந்தக் கடல்காற்றுக்கு
மூன்று நாள் தாங்கும்.

ஸ்டாண்டை எடுத்து, ஏறி, ஒரு மிதி.
இரண்டு டயரிலும் காற்று இல்லை என்பதை
அப்போதுதான் பார்த்தேன்.