வாரம் மூன்று முறை

திங்கள், புதன், வெள்ளி. விடிகாலை நாலரை.
லங்காப்பிலிருந்து தெலுக் இந்தானுக்கு
எழுபத்தாறாம் வருஷத்து டட்சன் 120வை.
பக்கத்தில் தவமலர், மடியில் கம்பளி,
ஊசி ஏறும் இடக்கையைத் தனியாக ஓர் ஆள் போல
கதவோரம் உட்கார வைத்திருப்பாள்.

செம்பனைக்கு நடுவே ரோடு, விளக்கு கிடையாது.
மழை என்றால் பாரிட் தண்ணீர் தாருக்கு மேலே ஏறும்.
அங்கே நின்றுபோகும் வண்டியைக்
காட்டுப்பன்றிதான் வந்து விசாரிக்கும்.
பாயிண்ட்டா, எலக்ட்ரானிக்கா என்று
ஒரு மாதம் நான் புரண்டு படுத்தது
இந்த ரோட்டை நினைத்துத்தான்.

பொமென் ஆ கியோங் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"ரெண்டும் ஓடும் லா.
ஒன்னு உனக்கு வேலை கொடுக்கும்,
ஒன்னு எனக்கு."

பாயிண்ட்டு எனக்குப் பழக்கம்.
ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் நடக்காது,
காயில் நிறையும், அவ்வளவுதான்.
விலகுகிற இம்மியில் பாயும் பொறி.
இடைவெளி அரை மில்லிமீட்டர், அதிலும் கொஞ்சம் கம்மி.
சில மாதத்தில் ஒரு முகம் மேடாகும், எதிர்முகம் குழியாகும்.
காலையில் இரண்டு முறை இருமும்.
மூன்றாம் கியரில் முனகும்.
சாவதற்கு ஒரு வாரம் முன்பே
ஊரைக் கூட்டிவிடும்.

மற்றது ஒரு கறுப்புக் கட்டி,
கரைந்த சோப்பு அளவு.
சிவப்பு வயர், கறுப்பு வயர். இருநூற்றெண்பது வெள்ளி.
தேயாது, கருகாது,
மூடியைப் போட்டு மறந்துவிடலாம்.

தவமலர் கேட்டாள்:
"சொல்லாமக் கொள்ளாம நின்னுடுமா?"
"நிக்காது."
"நின்னா?"
"சொல்லாது."
"என் கிட்னி மாதிரி" என்றாள்,
கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடி.

போட்டேன்.
நாலு மாதம் ராஜ ஓட்டம்.
ஒரு தட்டில் ஸ்டார்ட்.
பானெட்டில் வைத்த தே ஓ கிளாஸ் அலம்பவில்லை.
பசியாறும் கடையில் புவனேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நவம்பரில் ஒரு புதன்.
அவள் உள்ளே, மெஷினோடு நாலு மணி நேரம்.
நான் வெளியே, ரேடியோவோடு.
ரேடியோ பாட, சாவியைத் திருகியே வைத்திருந்தேன்.
இன்ஜின் ஓடாமல் கரண்ட் மட்டும் போனால்
கட்டி உள்ளுக்குள்ளே வெந்துவிடுமாம்.
பெட்டிக்குள் மடித்த தாளில் எழுதியிருந்தது,
அன்று ராத்திரிதான் படித்தேன்.
புகை இல்லை, நாற்றம் இல்லை.
மூன்று பாட்டு, செய்தி, ஒரு சோப்பு விளம்பரம்.
அப்புறம் சாவியைத் திருப்பினால்
ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிச் சுற்றி அழுதது.

எறிய மனமில்லாமல் டேஷ்போர்டில் போட்டிருந்த
பழைய பாயிண்ட், கண்டென்சர், சின்னத் திருப்புளி.
அளவுக் கத்தி வீட்டில்.
கையில் இருந்தது அவள் எடை குறிக்கும் அட்டை.
இன்ஜினை உருட்டி, கேம் மேட்டில் நிறுத்தி,
அட்டை முனையை இடுக்கில் விட்டு
இறுக்கியும் இறுக்காமலும் பிடித்தபோது
தலைக்கு மேல் மழை நின்றது.
குடை. வலக்கையில். இடக்கையில் பஞ்சும் பிளாஸ்டரும்.
"அது என் கார்டு."
"ஒரு நிமிஷம்."
"எண்ணெ ஆக்கிட்டீங்க."
ஐம்பத்திரண்டரை கிலோவுக்குப் பக்கத்தில் கறுப்பாக என் கட்டைவிரல்.

ரெண்டு முறை இருமி, பிடித்தது.

புதுக் கட்டி கிள்ளானிலிருந்து தபாலில் வந்துவிட்டது.
பிரிக்கவில்லை.
"டேஷ்போர்டுலயே கெடக்கட்டும்" என்றாள்,
"பேசுறது உள்ள இருக்கட்டும்."

போன வெள்ளி, பாலம் தாண்டியதும்
இருட்டில் ஓர் இருமல்.
"வண்டியா, நீயா?"
"நான்தான். தொண்டை."
எதற்கும் இருக்கட்டும் என்று
வேகத்தைக் குறைத்தேன்.