காரணம் என்ற கட்டம்

கல்லல் சாலையில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
லாரிப் பட்டைகளைக் குவித்து வைத்திருக்கும் பட்டறை.
துருத்தி இல்லை. நீல மோட்டார் ஒன்று
உலைக்குள் ஊதிக்கொண்டே இருக்கிறது.
அடைக்கலத்துக்கு இருபத்தாறு வயதிருக்கலாம்,
ஒரு காதில் ப்ளூடூத்.
"என்னக்கா வேணும்?"
"வெறகு வெட்டுற அருவா."

முதலில் எடுத்துப் போட்டது கதிர் அரிவாள்.
பெண்பிள்ளை கேட்டால் அதுதான் வரும்போல.
அடுத்து, தேங்காய்க்கு ஒன்று.
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நானூறு இலைக்கு மூன்று அடுப்பு:
சாம்பாருக்கு, சோற்றுக்கு,
கவுனரிசி கிண்ட இன்னொன்று.
விறகுக்கடை சொர்ணலிங்கம் போன மாதம் போட்ட ஈரவிறகில்
பள்ளத்தூர்க் கல்யாணமே கண்ணைக் கசக்கியது.
தாலி கட்டும்போது மாப்பிள்ளை அழுகிறான் என்று
வீடியோக்காரன் கிட்டப்போய் எடுத்தான்.
இனிமேல் விறகு என் பாடு.
புதுவயல் கண்மாய்க்கு மேற்கே
ஒரு குறுக்கம் சீமைக்கருவேலம் பேசி வைத்திருக்கிறேன்.

அதன் முள் இரண்டு விரல் நீளம்.
கை வைக்குமுன் கொக்கிபோட்டு இழுக்க வேண்டும்,
ஆகவே மூக்கு வளைந்திருக்க வேண்டும்.
ரொம்ப வளைந்தால் கிளைக்குள் மாட்டிக்கொள்ளும்.
வளைவே இல்லாவிட்டால்
நுனி செம்புறாங்கல்லில் இறங்கிப் பல் உடையும்.

எட்டு அரிவாள் தூக்கிப் பார்த்தேன்.
ஒன்றரைக் கிலோ: முதல் பத்து வெட்டுக்கு அது ராஜா,
பதினோராவதில் முழங்கை வட்டி கேட்கும்.
இலேசானது துள்ளும்;
துள்ளுவது மரத்தில் முடியாது, காலில் முடியும்.
விரலால் சுண்டினேன்.
ஒன்று தகரம்போலச் சளசளத்தது.
ஒன்று, விளக்கிக் கவிழ்த்த பித்தளை அண்டாபோல
நின்று ஒலித்தது.
பிடி கைக்குள் வந்து உட்கார்ந்தது.
வாசலில் கிடந்த புளியங்கட்டையில் ஓங்கினேன்.

வழுக்கிக்கொண்டு வெளியே போனது.

இன்னொரு தடவை. அதே வழுக்கல்.
"அக்கா, நொட்டாங்கையா?"

நொட்டாங்கைதான்.
இலைப்பக்கம் போனால்
கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள்,
அதனால் அடுப்போடு நின்றவள்.
எல்லா அரிவாளையும் ஒரு பக்கமே
சாணை பிடித்து வைத்திருக்கிறான்,
உலகம் முழுக்க
வலப்பக்கமிருந்தே வெட்டும் என்கிறமாதிரி.
இருபது வருடமாக என் வெட்டைக் கோணல் என்றார்கள்.
கோணல் இரும்பில் இருந்திருக்கிறது.

மறுபக்கத்தைச் சாணையில் வைத்தான். பொறி பறந்தது.
பறக்கும்போதே காலால் ஒரு நோட்டைத் தள்ளிவிட்டான்.
ஸ்டேஷனில் கேட்கிறார்களாம்.
பெயர், ஊர், ஆதார், செல், காரணம்.
எனக்கு மேலே நாலு வரி.
கோழிக்கடை. வாழைத்தோப்பு.
கருப்பருக்கு நேர்த்தி, எட்டடி.
நாலாவது ஆள் "சும்மா" என்று எழுதி
அழகாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

பஞ்சவர்ணம், புதுவயல். அதுவரை பேனா ஓடியது.
விறகு என்று எழுதினால் போதும், அது பொய்யில்லை.
ஆனாலும் சொர்ணலிங்கம் கடை வாசலில்
"நாளைக்கு வா தங்கச்சி" கேட்டு நின்ற காலையெல்லாம்
எந்தக் கட்டத்தில் போடுவது?
எட்டடி வாங்கிக்கொள்ளும் சாமியை
யாரும் ஆதார் கேட்பதில்லை.
இத்தனைக்கும் அவர் ஒரு சுள்ளிகூட வெட்டப்போவதில்லை.

எழுதினேன்: காய்ந்த விறகு.

"ஒரு போட்டோக்கா, அருவாளோட.
சோத்தாங்கையில புடிங்க,
பாக்குறவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க."
நான் கை மாற்றவில்லை.
படத்தில் என் பாதி முகமும்
பின்னால் போன ஜல்லி லாரியும் விழுந்திருக்கும்.

எழுநூறு சொன்னான்,
இடப்பக்கச் சாணைக்கு ஐம்பது சேர்த்து.
"சோத்தாங்கைக்குப் புடிச்சியே,
அதுக்கு யார்கிட்ட அம்பது வாங்குன?"
ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.
அறுநூற்றைம்பது.

புளியங்கட்டையில் மறுபடி ஓங்கினேன்.
சில்லு ஒன்று தெறித்து
விரித்துக் கிடந்த நோட்டில் விழுந்தது,
என் வரியில் இல்லை,
அதற்கு மேலே, "சும்மா"வில்.