இரண்டரைக் கிலோ

ஷஹானியாவில் என் மேசைமேல்
பன்னிரண்டு ஜாக்கிகள் குப்புறக் கிடக்கிறார்கள்.
துளைபோடும் மெஷினின் மோட்டார்தான் இடுப்பு.
அதில் செருகிய பிளாஸ்டிக் குச்சிதான் கை.
தலைக்குத் தொப்பி உண்டு, முகம் வைப்பதில்லை.
முகத்துக்கு எடை அதிகம்.
எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோ தாண்டக்கூடாது.
என் மகள் பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள்.
"பரவாயில்லை, தேத்திடலாம்" என்றார் நர்ஸ்.

சட்டை தைப்பவர் சில்ஹெட்காரர், மொஃபிசுல்.
பழைய அட்டை அளவு ஒன்றை
இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.
"மெஷினுக்கு எதற்கு அக்குளில் இத்தனை தளர்வு?"
"இது மெஷினுக்கு எடுத்த அளவில்லை" என்றார்
நூலைப் பல்லில் கடித்தபடி.
வளர்ந்துவிடக் கூடாதென்று
இராச்சோறு மறுக்கப்பட்ட பையன்கள்
எங்கேயோ வளர்ந்திருப்பார்கள் இப்போது.
சட்டம் வந்து அதை நிறுத்தியது. நல்ல சட்டம்.
என் விசாவும் அதன் வயிற்றில் பிறந்ததுதான்.

முதலாளியின் தம்பி எப்போதும் என்னை
ரஃபீக் என்றுதான் கூப்பிடுவார்.
அன்று வாசலிலேயே "யா முஹந்திஸ்" என்றார்.
காரியம் பெரிது என்று புரிந்தது.
குச்சியின் முனையில் இரண்டு செம்புப் புள்ளி,
உள்ளே ஒரு கெப்பாசிட்டர்,
ரிமோட்டில் கூடுதலாக ஒரு பொத்தான்.
"ஊசி போட்டால் பிடித்துவிடுகிறார்கள்.
மூத்திரத்தில் கரண்ட் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
தொழில்நுட்பக் கேள்விக்குத்
தொழில்நுட்பப் பதில், அவ்வளவுதான்,
என்று அன்றிரவு இரண்டு முறை
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
மூன்றாவது முறை சொல்லும்போது
சால்டரிங் முடிந்திருந்தது.

விடியற்காலை ஆறு மணி.
பந்தயப் பாதையை ஒட்டி வெள்ளை வண்டிகள் சீறுகின்றன.
ஜன்னலில் சாய்ந்த வயர்லெஸ் குரல்
நவ்வாராவின் முதுகில் ஸ்பீக்கராய் அலறுகிறது.
கடைசி வளைவில் பொத்தான் அமுங்கியது.
ஒரு கணம்
நான்கு காலும் மண்ணில் இல்லை.
டிவியில் அது மிக அழகாக இருந்ததாம்.

ஜெயித்தவளிடம் பரிசோதகர் வந்தார்,
நீளக் கைப்பிடி போட்ட குவளையோடு.
முக்கால் மணி நேரம் சீழ்க்கையடித்தபடி
பின்னாலேயே நடந்தார்.
ரத்தமும் எடுத்தார். முத்திரை, கையெழுத்து.
விசா மெடிக்கலில் எனக்கும் இதே வரிசை, இதே குவளை.
எனக்கு முன்னால் நின்ற நெய்வேலிக்காரனை
நெஞ்சில் பழைய தழும்பென்று
அன்ஃபிட் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.
உடம்பு எதையும் மறைக்கத் தெரியாதது.

வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது:
சுத்தம்.
பொய்யே இல்லை.
அவள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை.
இருந்ததெல்லாம் என் மேசையில் இருந்தது,
அதற்கு யாரும் குவளை நீட்டவில்லை.

"இன்னும் ஆறு வேண்டும்" என்று சொல்லியனுப்பினார்கள்.
இரண்டு டின் எனர்ஜி டிரிங்க் வாங்கி வைத்துக்கொண்டு
நான்காவதை முடித்துக்கொண்டிருந்தபோது
பாபிகர் வந்தான், சூடானி, அவளுக்குத் தீனி வைப்பவன்.
எட்டு நாளாகத் தொடவிடவில்லையாம்,
அவன் நிழல் விழுந்தாலே விலா நடுங்குகிறதாம்.
கோபமாகப் பேசவில்லை.
மேசையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து
முனையைத் தன் உள்ளங்கையில் பதித்தான்.
ரிமோட்டை என் பக்கம் நகர்த்தி
"அழுத்து" என்றான்.

பேட்டரி இறங்கிவிட்டது என்றேன்.

அவன் கையை எடுக்கவில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவில்
பச்சை விளக்கு
முழுசாக எரிந்துகொண்டிருந்தது.