பல்லி சொல்

எட்மன்டனில் பிற்பகல் இரண்டுக்கே
நியூயோர்க் கடையைச் சாத்திவிடும்.
அதன்பின் திரையில் ஒற்றை ஒற்றையாய்
விழும் விலைகளுக்குப் பலன் பார்ப்பவன் நிமலன்.
பல்லி இல்லாத ஊரில்
அவனுக்கு அது போதும்.

நேற்று மைனஸ் இருபத்தாறு.
கார் பற்றறி செத்துவிட்டது.
பஸ் டிப்போ வாசலில் நின்றபடி
என் பதினொரு பங்கையும்
கிடைத்த விலைக்குத் தள்ளினேன்,
நாற்பத்தொன்று சொச்சம்.

ஐந்து நிமிடம் இருக்காது, போன்.
"பாத்தனீயே? நாப்பத்து மூண்டில இருந்து
தடாலெண்டு இறக்கம்!
ஆரோ உள்ளாள். விசயம் தெரிஞ்சவன்.
விடிய நானும் விக்கப்போறன்.
நீ என்ன சொல்லுறாய்?"

கையுறை பல்லிடுக்கில்.
தாடை விறைத்துப் பேச்சு வரவில்லை.
'ச்' கொட்டினேன்,
இரண்டு தரம்.

"அப்ப சரி," என்றான்,
"நீயும் அதையேதான் சொல்லுறாய்."