நேற்றிரவு இங்கே உறங்கியோர்

காஃபுயி என்று எனக்குப் பெயர்.
'அவரைத் துதி' என்று பொருள்.
எவரை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

தெற்கே கடலோரம் பிறந்தவன்
தலை எண்ண வடக்கே வந்தேன்,
கானாவின் கடைசிச் சிற்றூருக்கு,
ஹர்மட்டான் புழுதி பல்லிடுக்கில் நறநறக்க.

கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாய்க்
கட்டம் கட்டமாய்த் தீட்டிய சுவர்.
வாசல் முழங்கால் உயரம்.
அரசாங்கமே ஆனாலும்
தவழ்ந்துதான் நுழைய வேண்டும்.

மதம்? என்றேன்.
கிறித்தவம், இஸ்லாம், மரபு, வேறு, எதுவுமில்லை
என்று காத்திருந்தது திரை.

கச்சானா மாவுக் கையை உதறினாள்.
மூத்தவன் பெர்நார்ட் கோவில்மணி அடிப்பவன்.
யாகூபு ஐந்து வேளை தொழுகிறான்,
என் பானைத் தண்ணீரில் கைகால் கழுவி.
நானா?
விதைக்குமுன் நிலத்திடம் கேட்பேன்.
கொத்துமுன் கல்லிடம் கேட்பேன்.
இதற்குப் பேர் மதமா?
மரியாதை என்றல்லவா நினைத்திருந்தேன்.

மரபு என்ற கட்டத்தைத் தொட்டேன்.
கல்லும் ஓடையும் செத்த சனமும்
அதற்குள்
நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த கேள்வி:
நேற்றிரவு இங்கே உறங்கியோர் எத்தனை?

விரல் மடக்கினாள்.
நான், மகன்கள் இருவர், மருமகள், கைக்குழந்தை.
முற்றத்து மேட்டுக்கடியில் மாமனார்,
ஒன்பது வருஷமாய். தூக்கம் மட்டும் லேசு.
பின்னால் அந்தப் பாவோபாப்.
அப்புறம், குளத்தில் என் வீட்டுக்காரர்.

குமாசியில் லாரி ஓட்டுகிறார் என்றாயே?
அவரை அங்கே எண்ணுவார்களே?

அங்கே எண்ணுவது உடம்பை.
உயிர் இங்கே, குளத்தில்.

அது முதலைதானே என்றேன்.
அவர், என்று திருத்தினாள்.

எட்டு என்று அடித்தேன்.
எட்டுப் பேருக்கும் வயது கேட்டது திரை,
தொழில் கேட்டது.
மரத்தின் வயது மரத்துக்குத்தான் தெரியும்.
மாமனாரின் தொழில்: காவல்,
கொஞ்சம் கோபம்.
சிவப்பெழுத்தில் மின்னி
மறுத்தது திரை.
அழித்து ஐந்தாக்கினேன்.
உடனே பச்சையானது, சமர்த்தாக.

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.
குளத்தங்கரை ஒற்றையடிப் பாதையில்
குறுக்கே படுத்திருந்தது முதலை.

படுத்திருந்தார்.

'அது' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்
எத்தனை பேரைத் தள்ளிக் கதவடைத்திருக்கிறேன்!
ஞாயிறு தவறாத கிறித்தவன் நான்,
தொப்பியைக் கழற்றினேன்.
கொஞ்சம் வழிவிடுங்கள், என்றேன்,
உங்களை ஏமாற்றி எண்ணிவிட்டேன்.

ஒரு கண் திறந்தார்.
குமாசி நெடுஞ்சாலையில் எங்கோ
ஒரு லாரி
வேகம் குறைந்திருக்கலாம்.

அவசரம் எனக்குத்தான்.
நாணலுக்குள் இறங்கிச்
சுற்றிப் போனேன்.