புளியும் உளியும்

மார்கழி வெள்ளம் வடிந்து பதினோராம் நாள்
கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன்
உங்கள் பெட்டியை.
சிந்துபூந்துறையில் எல்லா வீட்டுச் சுவரிலும்
இடுப்பளவில் ஒரே கோடு,
நூல் பிடித்து அடித்ததுபோல.
பெட்டியைத் திறந்தால்
ஆறு இன்னும் கொஞ்சம் உள்ளே இருந்தது.

குறடு வாயைத் திறக்கவில்லை.
சுத்தியல், ரம்பம், பைப் ரிஞ்சு
எல்லாம் ஒரே நிறம், ஒரே பிடிவாதம்.
அரிக்கேன் விளக்கின் வயிற்றில் சேறு.
சிம்னி மட்டும் எப்படியோ முழுசாக.

காயலான் கடை அந்தோணி வந்து
கிலோ இருபத்தெட்டு என்றார்.
கொடுத்திருப்பேன்.
பானைப் புளி நனைந்துபோய்
குழம்புக்கு ஆகாமல் கிடந்தது.
இழைப்புளி, திருப்புளி,
பேரிலேயே புளி இருக்கே என்று
கரைத்து ஊற்றி ஊறப் போட்டேன்.
'அம்மா, அது புளி இல்ல, உளி.
திருப்பு, உளி' என்று
பிரித்துக் காட்டினாள் நம்ம உலகா.
ஒன்பதாவது படிக்கிறாள், அவளிடம் பேச முடியுமா.
புளிக்கு இலக்கணம் தெரியாதே,
விடியும்போது தண்ணீர் கறுத்திருந்தது.

தேய்க்க மணல் தேடி அலையவில்லை.
வீடு முழுக்க ஆறு கொண்டுவந்து போட்டிருந்தது.
உங்கள் பழைய பல் பிரஷ்,
அரை பாட்டில் மண்ணெண்ணெய்,
தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்.
நகக்கண்ணில் ஏறிய சிவப்பு
சோற்றில் கை வைக்கும்போதும் போகவில்லை.

மூன்றாம் நாள் ரிஞ்சின் பிடியில்
ஒரு புள்ளி.
துரு தின்ற குழி என்று அழுத்தித் தேய்த்தேன்.
பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.
ஆணி வைத்துக் குத்திய புள்ளிகள்
வளைந்து, சுழித்து
ஒரு 'சு' ஆயிற்று.
அப்போதே நிறுத்தியிருக்கலாம்.
கை நிற்கவில்லை.
சு. மாசானம்.

ஒரே ஒரு தரம் கேட்டார் அந்த மனுஷன்.
ஆனித் தேரோட்டத்தன்று, அத்தனை கூட்டத்தில்
அவர் சட்டையைப் பிடித்தீர்கள்,
'என்னையவா லே களவாணிங்கே' என்று.
பித்தான் ஒன்று தெறித்து
உலகாவின் காலடியில் விழுந்தது.
அவர் மகள் சடங்குக்கு
என்னையும் போகவிடவில்லை.
ஒன்பது வருஷம்.

படம் எடுத்து அனுப்பினேன்.
ஒன்றும் எழுதவில்லை, படம் மட்டும்.
இரண்டு டிக்கும் நீலமாயிற்று.
ஷார்ஜாவில் அப்போது மணி ஏழு இருக்கும்,
சமையல் நேரம்.
நடுச்சாமத்தில் வந்தது உங்கள் பதில்:
'எண்ணெய் தடவி வை.'
யாருக்கு என்று நீங்கள் எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

உங்கள் கிழிந்த வேட்டியில் சுற்றி
பேட்டைக்கு பஸ் ஏறினேன்.
பக்கத்து சீட்டுக்காரி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்,
பலகாரம் என்று நினைத்திருப்பாள்.
பட்டறையில் மாசானம்
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
துணியை விரித்தேன்.
'இது என்னுது இல்ல மைனி.
என்னுது இவ்ளோ மின்னுனதே கிடையாது.'
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
அவர் பெருவிரல், பார்க்காமலே,
நேரே போய் நின்றது புள்ளிகளின் மேல்.

திருகைச் சுழற்றிப் பார்த்தார்.
'எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி' என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
'அவன் எப்ப வாரான்?'
சித்திரையில் என்றேன்.
டீ சொன்னார். குடித்தேன். சீனி அதிகம்.

இன்று ராத்திரி மறுபடி கரண்ட் இல்லை.
அரிக்கேன் எரிகிறது,
புதுத் திரி, லேசாகப் புளி வாசம்.
அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.
மற்றதெல்லாம் முடிந்தது.
இழைப்புளியின் அலகு மட்டும் பாக்கி.
அதன் ஓரத்தில்
துருவுக்கு அடியில்
புள்ளி மாதிரி ஒன்று தெரிகிறது.
அதை நான் தொடவில்லை.
நீங்களே வந்து தேய்த்துக்கொள்ளுங்கள்.